பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு மைதானம்

அழகர் ஆற்றில் இறங்கி, வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வந்து, மறுபடி மலைக்குத் திரும்பிவிட்டார் என்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அடுத்து வருவது கத்திரி வெயில். பள்ளிக்கூடம் கிடையாது. காலை பதினோரு மணிக்கே தெருவில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. "வெயில்ல வெளிய போகாத" என்பது அம்மாவின் முதல் கட்டளை. "வீட்டுக்குள்ள ஆட்டம் போடாத, கீழ்வீட்டுக்காரங்க சத்தம் போடுவாங்க" என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிக்க வேண்டுமானால் பிள்ளைக்கு ஒரே வழிதான் இருக்கிறது: செல்போனை எடுத்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் படுத்துவிடுவது.

முதல் கட்டளை நியாயமானது. மதுரைச் சமவெளியில் மே மாத மதியம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது புதிதில்லை. இரண்டாவது கட்டளையோடுதான் எனக்கு வழக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், கட்டிலும் பீரோவும் போக மிஞ்சுகிற தரையில், ஒரு பிள்ளையின் இதயமும் தசையும் எலும்பும் கேட்கிற உழைப்பில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட முடியும். அதற்குக் கடையில் எதையும் வாங்க வேண்டாம். சமையல்கட்டில் இருப்பதே போதும். எப்படி என்று சொல்ல, முதலில் கொஞ்சம் இயற்பியலுக்குள் போக வேண்டும்.

அதற்கும் முன்னால், இந்த ஊரின் விளையாட்டு இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வெகுகாலம் வறண்டு கிடந்தது. தைப்பூசத் தெப்பத்துக்குத் தண்ணீர் விடுகிற நாட்கள் போக மற்ற நாட்களில் அது பையன்களின் கிரிக்கெட் மைதானம். ஒரே நேரத்தில் பல அணிகள் ஆடும். யாருடைய பந்து யாருடைய ஆட்டத்துக்குள் போனது என்பதே தனிப் பஞ்சாயத்து. அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து குளம் நிரம்பி நிற்கிறது. நிலத்தடி நீருக்கு நல்லது, கண்ணுக்கும் நிறைவு. ஆனால் அத்தனை பையன்களுக்கும் மாற்று இடம் எங்கே என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆற்றுக்கு வடகரையில் வண்டியூர் ஊருக்குள்ளேயும் இதே கதைதான்: காலி மனைகள் வீடுகளாகின, காம்பவுண்டு வீடுகளின் பொதுநடை இருசக்கர வண்டிகள் நிற்கிற இடமானது. வெயில் காலத்தில் மட்டுமல்லாமல், வருடத்தின் பெரும்பகுதியில் அறைதான் களம் என்ற நிலைக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு 2019இல் சொன்னது இன்னும் அதிகம்: நாள் முழுக்கப் பரவலாக 180 நிமிட அசைவு, அதில் 60 நிமிடமாவது சுறுசுறுப்பான ஆட்டம். இதைக் கேட்டதும் பெற்றோர் மனத்தில் வருவது ஓட்டம். ஓட்டம் என்றால் தூரம். தூரம் இல்லையே என்று அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

உடலுக்குத் தூரத்தைவிடச் செலவு வைப்பது வேக மாற்றம். 20 கிலோ எடையுள்ள ஆறு வயதுப் பிள்ளை நின்ற நிலையிலிருந்து நொடிக்கு 2 மீட்டர் வேகத்தை எட்டினால், அதன் இயக்க ஆற்றல் 40 ஜூல். நேர்ப்பாதையில் அந்த வேகத்தைத் தக்கவைக்க அதிகம் செலவில்லை. ஆனால் எட்டடியில் சுவர் வந்துவிடுகிறது. தொடைத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடித்து அந்த 40 ஜூலையும் அடக்க வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி முதலிலிருந்து 40 ஜூல் சேர்க்க வேண்டும். ஒரே வேகத்தில் நேராக ஓடுவதைவிட முன்னும் பின்னும் திரும்பித் திரும்பி ஓடுவது கூடுதல் ஆக்சிஜனைக் கேட்கும் என்பதற்கு இதுதான் காரணம். அறை சிறியதாக இருப்பது இந்தக் கணக்கில் ஒரு வசதி.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிறது. குந்தி எழுவது. அதே 20 கிலோப் பிள்ளை முழுக்கக் குந்தி எழும்போது உடலின் நடுப்பகுதி ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் மேலேறுகிறது. எடை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 78 ஜூல். ஓட்டத்துக்கு வேகம் சேர்ப்பதைப் போல இரண்டு மடங்கு! தசை தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் கால்பங்கைத்தான் அசைவாக மாற்றும், மீதி வெப்பமாகப் போகும். ஆகவே ஒரு தடவை எழ உடல் எரிப்பது 300 ஜூலுக்கு மேல். நிமிடத்துக்குப் பத்துத் தடவை குந்தி எழுந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த நிமிடத்தில் உடல் செலவிடுகிற அளவுக்கு இன்னொரு பங்கு செலவாகிவிடும். ஓட்டத்தையும் சேர்த்தால் இதயம் நன்றாகவே துடிக்கத் தொடங்கும்.

பள்ளி விளையாட்டு விழாக்களில் உருளைக்கிழங்கு பொறுக்கும் பந்தயம் வைப்பார்கள், நினைவிருக்கும். அதை அப்படியே அறைக்குள் கொண்டுவரலாம். பன்னிரண்டு சின்ன வெங்காயத்தை அறையின் ஒரு சுவரோரம் பரப்புங்கள். எதிர்ச்சுவரில் ஒரு முறம். ஒரு தடவைக்கு ஒரு வெங்காயம்தான் எடுக்கலாம், குனிந்து எடுக்கக்கூடாது, குந்தித்தான் எடுக்க வேண்டும், முறத்தில் எறியக்கூடாது, வைக்க வேண்டும். இந்த மூன்று விதியும்தான் விளையாட்டின் உயிர். விதியைத் தளர்த்தினால் பிள்ளை இடுப்பை வளைத்து அள்ளிக்கொண்டு வந்துவிடும். வைக்கச் சொன்னால்தான் முறத்துக்குப் பக்கத்திலும் ஒரு குந்தல் கிடைக்கும். பன்னிரண்டு வெங்காயத்துக்கு இருபத்துநான்கு குந்தல், இருபத்துநான்கு திருப்பம். முடிவதற்குள் மூச்சு வாங்கும். அடுத்த சுற்றில் கரண்டியில் ஒரு எலுமிச்சம்பழத்தை ஏந்திக்கொண்டு இதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். வேகம் குறையும், ஆனால் குந்தும்போது முதுகு நேராக நிற்கும், ஏனென்றால் உடல் முன்னால் சாய்ந்தால் பழம் உருண்டுவிடும். சொல்லிக்கொடுக்காமலேயே முதுகை நிமிர்த்திவிடுகிறது அந்தப் பழம்.

இப்படி வீட்டுச் சாமானை விளையாட்டுப் பொருளாக்குவது இந்த மண்ணில் நேற்று தொடங்கிய வழக்கமில்லை. வண்டியூரிலிருந்து வைகையைத் தாண்டி, ராமநாதபுரம் சாலையில் சிலைமானைக் கடந்தால் கீழடி. 2014இல் தொடங்கிய அகழாய்வில் அங்கே சுடுமண் ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்தன. அவற்றோடு நூற்றுக்கணக்கில் கிடைத்தவை வட்டச்சில்லுகள். உடைந்த பானையின் ஓட்டை எடுத்து, விளிம்பைத் தட்டித் தேய்த்து வட்டமாக்கியவை. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தச் சில்லுகளில் பெரும்பாலானவற்றை விளையாட்டுப் பொருள் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பானை உடைந்ததும் யாரோ ஒரு சிறுமி நல்ல துண்டாகப் பார்த்துப் பொறுக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சில்லு என்றால் பாண்டி. வாசலில் கரிக்கோடு போட்டு ஆடியதை மொசைக் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு ஆடலாம். எட்டுக் கட்டம் வேண்டாம், ஆறு போதும். கட்டத்தைச் சிறிதாக்கினால் ஆட்டம் கடினமாகும். நொண்டியடித்துத் தாவும் பிள்ளையின் ஒற்றைக் காலில் தரை திருப்பித் தருகிற விசை உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. காது மடலுக்கு உட்புறம், எலும்புக்குள் பதிந்த மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் திருப்பத்தை அளக்கின்றன. அவற்றின் அருகில் உள்ள இரண்டு சிறு பைகள் ஏற்ற இறக்கத்தையும் சாய்வையும் அளக்கின்றன. கணுக்காலின் தசையும் தசைநாணும் தாங்கள் எவ்வளவு நீண்டிருக்கிறோம் என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சிறு பிள்ளைகள் இந்த மூன்றையும்விடக் கண்ணையே அதிகம் நம்புவார்கள். பாண்டியின் கடைசிக் கட்டத்தில் சில்லை நெற்றியில் வைத்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி, "ரைட்டா?" என்று கேட்டுக்கேட்டு நடப்பது இருக்கிறதே, அது கண்ணை வேலையிலிருந்து விலக்கிவிட்டு மற்ற மூன்றையும் வேலை வாங்குகிற பயிற்சி. பிசியோதெரபி நிலையத்தில் கணுக்கால் சுளுக்கியவர்களை ஒற்றைக் காலில், கண்ணை மூடி நிற்கவைப்பது இதே தத்துவத்தில்தான்.

தட்டாமாலை சுற்றுவதும் அந்தக் குழல்களுக்கான ஆட்டமே. சுற்றும்போது குழலுக்குள் இருக்கும் திரவம் மெல்ல மெல்லத் தலையோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். சட்டென்று நின்றால் தலை நின்றுவிடும், திரவம் நிற்காது. மூளைக்கு இன்னும் சில நொடிகள் "எதிர்ப்பக்கம் சுற்றுகிறோம்" என்ற செய்தி போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பிள்ளையை ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பும் தடுமாற்றமும் கலந்த அந்த நடை, பொய்ச் செய்தியைக் கண்ணாலும் காலாலும் திருத்திக்கொள்ள மூளை படுகிற பாடு. கட்டில் மூலையும் பீரோ மூலையும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் இதை ஆடவேண்டும். மெத்தையைத் தரையில் இறக்கிப்போட்டுக்கொள்வது நல்லது.

கீழ்வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருவோம். மாடியில் பிள்ளை குதித்தால் கீழே 'திம்' என்று கேட்கிறது. 20 சென்டிமீட்டர் உயரம் குதித்து இறங்கும் உடல், முழங்காலை விறைப்பாக வைத்து 5 சென்டிமீட்டருக்குள் நின்றால், தரையில் விழும் சராசரி விசை உடல் எடையைப் போல 5 மடங்கு. முழங்காலையும் இடுப்பையும் மடக்கி 15 சென்டிமீட்டரில் நின்றால் 2.3 மடங்கு. சத்தமும் அதற்கேற்பக் குறையும். இதையே போட்டியாக வைக்கலாம். ஒருவர் கண்ணை மூடி உட்கார வேண்டும், மற்றவர் பழைய சேலையை நான்காக மடித்துப் போட்ட இடத்தில் குதிக்க வேண்டும். சத்தம் கேட்டால் அவுட். ஒரு வாரம் ஆடினால் பூனையைப் போல இறங்கப் பழகிவிடுவார்கள். பின்னாளில் மைதானத்தில் ஓடும்போது முழங்காலுக்கு இதுவே காப்பு.

ஆனால் விசையை ஒரேயடியாக விரட்டிவிடவும் கூடாது. எலும்புக்கு அது வேண்டும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பருவம் எய்தாத பிள்ளைகளில் ஒரு பகுதியினரை இரண்டடி உயரப் பெட்டியிலிருந்து இரு காலாலும் குதிக்க வைத்தார்கள். ஒரு வேளைக்கு 100 குதி, வாரத்துக்கு மூன்று நாள், ஏழு மாதம். மற்றவர்களுக்கு அதே நேரத்தில் தசையை நீட்டிவிடும் பயிற்சி மட்டும். முடிவில் குதித்த பிள்ளைகளின் தொடையெலும்புக் கழுத்தில் தாதுச் சத்து மற்றவர்களைவிட 4.5 சதவீதம் கூடுதல். வயதானவர்கள் வழுக்கி விழும்போது உடைகிற அதே இடம் அது. வீட்டில் இரண்டடி ஸ்டூலிலிருந்து குதிக்கவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அந்த ஆய்வு கண்காணிப்போடு நடந்தது. கயிறு தாண்டுதலும் பாண்டியும் சாக்குக்குள் கால்விட்டுத் தாவுவதும் மிதமான அளவில் அதே தூண்டுதலைத் தருகின்றன. எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இன்னொன்றும் சொல்கின்றன: எலும்புச் செல்கள் சில பத்துக் குதிகளுக்குப் பிறகு மரத்துப்போகின்றன, பழைய உணர்வு திரும்பச் சில மணி நேரம் ஆகிறது. காலையில் இருபது தாவல், மதியம் இருபது, மாலையில் இருபது என்று பிரித்துக் கொடுப்பது எலும்புக்கு ஒரே மூச்சில் அறுபதைவிட லாபம். வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு இப்படிப் பிரித்து ஆடுவதுதான் எளிதும்கூட.

நடுவே ஒரு பொருளைத் தனியாகப் பாராட்ட வேண்டும்: பலூன். பிறந்தநாள் முடிந்து மூலையில் கிடக்கும் ஒன்று போதும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ரப்பர்ப் பந்து 0.64 நொடியில் தரையைத் தொடும். கண்ணில் பட்டதற்கும் கை அசைவதற்கும் இடையில் பெரியவர்களுக்கே கால் நொடி போய்விடுகிறது, ஐந்து வயதில் ஏறத்தாழ அதன் இரட்டிப்பு. மிச்சமிருக்கிற துளி நேரத்தில் கை எங்கே போய்ச் சேரும்? பந்து பிடிக்கத் தெரியாத பிள்ளை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தக் கணக்கில் தோற்ற பிள்ளையைத்தான். மூன்று கிராம் எடையும் ஒரு சாண் விட்டமும் உள்ள பலூனுக்குக் காற்றின் தடை அதன் எடைக்குச் சமமாகிவிடுவதால், நொடிக்கு ஒரு மீட்டரைவிடச் சற்றுக் கூடுதலான வேகத்தில் மிதந்து இறங்கும். அதே உயரத்துக்கு ஒன்றரை நொடிக்கு மேல். அந்தக் கூடுதல் நொடியில் பிள்ளை பார்க்கிறது, கணிக்கிறது, நகர்கிறது, அடிக்கிறது. தரையில் விழாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் தரையை ஒரு தடவை தொட வேண்டும் என்ற விதியைச் சேர்த்தால், முன்பு பார்த்த 78 ஜூல் கணக்கும் இதில் வந்துவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு ஆடுங்கள், அல்லது ஃபேன் ஓடும் அறையில் பலூனைத் தலைக்கு மேலே போகவிடாமல் உட்கார்ந்தபடி ஆடுங்கள். வெடித்த பலூனின் துண்டை அந்த நொடியிலேயே பொறுக்கிவிட வேண்டும். பிள்ளைகள் மூச்சடைத்து இறப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும். மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தாங்களே ஊத விடக்கூடாது.

அசையாமல் நிற்பதும் ஓர் உழைப்பு. பெரியவர் ஒருவர் "காக்கா பற", "புறா பற" என்று வேகமாகச் சொல்ல, பிள்ளைகள் கையை வீசிக் குதிக்க வேண்டும். நடுவில் "எருமை பற" என்றால் குதிக்கக்கூடாது, அப்படியே குந்திவிட வேண்டும். கிளம்பிவிட்ட அசைவை நடுவில் நிறுத்துவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் பொறுப்பு. அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயதுக்கு மேலாகிறது, ஆனால் மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் அதன் திறன் மளமளவென்று வளர்கிறது. மூன்று வயதுப் பிள்ளை எருமைக்கும் குதித்துவிட்டுத் தானே சிரிக்கும், ஐந்து வயதில் பாதித் தூரம் கிளம்பிப் பிடித்து நிறுத்தும், ஏழு வயதில் உங்களையே ஏமாற்றும் விதமாகச் சொற்களைச் சொல்லத் தொடங்கிவிடும். கோழி பறக்குமா பறக்காதா என்று ஒரு சண்டை வரும், வரட்டும்.

இப்போது வெப்பக் கணக்கு. மதுரையில் இதைத் தவிர்த்துவிட்டு உள்விளையாட்டு பற்றிப் பேசுவது பொறுப்பாகாது. தசை எரிக்கிற ஆற்றலில் முக்கால்பங்கு வெப்பம் என்று பார்த்தோம். 20 கிலோப் பிள்ளை மும்முரமாக ஆடும்போது உடலுக்குள் நொடிக்குச் சுமார் 200 ஜூல் வெப்பம் உண்டாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதில் சிறிதும் வெளியேறவில்லை என்று ஒரு பேச்சுக்கு நினைத்தால், பத்தே நிமிடத்தில் உடல் வெப்பம் 1.7 டிகிரி ஏறிவிடும். உண்மையில் வியர்வை காப்பாற்றுகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூலை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் பிள்ளைகளின் வியர்வைச் சுரப்பி ஒவ்வொன்றும் பெரியவர்களுடையதைவிடக் குறைவாகவே சுரக்கிறது. எடைக்கு அவர்களுடைய தோல் பரப்பு அதிகம். குளிர்ந்த காற்றில் இது உதவி, சுற்றுப்புறம் தோலைவிடச் சூடாக இருக்கும்போது வெளி வெப்பம் உள்ளே வர அதிக வாசல்.

ஆகவே எந்த நேரத்தில், எந்த வீட்டில் என்பது முக்கியம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கிச் சேர்த்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்துத்தான் உட்புறம் கக்குகிறது. வெளியே வெயில் தாழ்ந்த நான்கு, ஐந்து மணிக்கு அந்த அறையின் கூரை இன்னும் சூடேறிக்கொண்டிருக்கும். கையைத் தூக்கிப் பிடித்தாலே உள்ளங்கையில் அனல் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகள் வெங்காயமும் பலூனும் ஆட வேண்டியது காலை பதினோரு மணிக்குள். கீழ்த்தளத்திலோ ஓட்டு வீட்டின் காற்றோட்டமான பட்டாசாலையிலோ இருப்பவர்களுக்கு மதியமும் சாத்தியம். எங்கேயானாலும் பத்து நிமிட ஆட்டம், பத்து நிமிட ஓய்வு, நடுவில் தண்ணீர் அல்லது உப்புப் போட்ட நீர்மோர். தலைவலி, குமட்டல், காரணமில்லாத எரிச்சல் மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

அந்தப் பத்து நிமிட ஓய்வுக்கென்றே பாட்டிகள் விட்டுப்போன சொத்து ஒன்று உண்டு. சொட்டாங்கல். குளிர்ந்த தரையில் சம்மணமிட்டு, ஐந்து கல்லோடு உட்கார்ந்துவிட்டால் இதயம் அடங்கும், கையும் கண்ணும் மட்டும் வேலை செய்யும். ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் தரையில் கிடப்பதை அள்ளி, அதே கையால் விழும் கல்லையும் பிடிக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் ஒரே வாரலில்.

பழகிய கையை அருகிலிருந்து பாருங்கள். ஒவ்வொன்றாக வாரும்போது கல்லை 30 சென்டிமீட்டர்தான் எறிகிறது. அது போய்வர அரை நொடி. நான்கையும் வாரும்போது நேரம் பற்றாது, உயரத்தைக் கூட்டும். இரண்டு மடங்கு உயரம், அதாவது 60 சென்டிமீட்டர் எறிந்தால் இரண்டு மடங்கு நேரம் கிடைக்குமா? கிடைக்காது, 0.7 நொடிதான். ஒரு முழு நொடி வேண்டுமானால் 120 சென்டிமீட்டர், நான்கு மடங்கு உயரம் எறிய வேண்டும். நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடுகிறது. அவ்வளவு உயரம் போன கல் நேராக இறங்காது, பக்கவாட்டில் விலகும், வேகமும் இரட்டிப்பாகி விரலில் சுள்ளென்று அடிக்கும். அதனால் தேர்ந்த ஆட்டக்காரி உயரத்தைக் கொஞ்சம் மட்டும் கூட்டிக்கொண்டு, மீதியைப் பரப்புவதில் சமாளிக்கிறாள்: நான்கு கல்லும் ஒரு கைக்குள் அடங்கும் நெருக்கத்தில் விழும்படி முதலிலேயே உருட்டிவிடுகிறாள். கண் மேலே போகும் கல்லை முழுக்கப் பின்தொடர்வதில்லை. உச்சிக்கு அருகில் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தரைக்கு இறங்கிவிடுகிறது, எங்கே வந்து விழும் என்ற மீதிக் கணக்கைச் சிறுமூளை போட்டுக் கையை அங்கே அனுப்பிவைக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் செங்குத்து வீச்சுக்குச் சமன்பாடு எழுதத் திணறுகிற பெண், அதே சமன்பாட்டை விரலில் வைத்திருக்கிறாள். ஆசிரியர்கள் இதை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டில் கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் அதன் கைக்கு எட்டக்கூடாது. அங்கே அரிசியைச் சிறு துணிமுடிச்சாகக் கட்டி ஐந்து பொட்டலம் செய்துகொள்ளலாம்.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது இதெல்லாம் ஒரு தலைமுறைக்கே சோதனையாக வந்தது. அந்த ஜூன் கடைசியில் மதுரையில் கட்டுப்பாடுகள் மறுபடி இறுகின. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். ஒன்றரை ஆண்டுக்கு மேல். பரணிலிருந்து பல்லாங்குழியும் தாயக்கட்டையும் இறங்கின, மொட்டை மாடியில் பாண்டிக் கட்டம் முளைத்தது. இவை இல்லாத வீடுகளில் பகல் முழுவதையும் திரை எடுத்துக்கொண்டது. பள்ளி திறந்ததும் திரை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது என்பதைப் பெற்றோர் எல்லாரும் அறிவார்கள்.

திரையைப் பற்றிச் சொல்லும்போது கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த அத்தியாயம் புகழ்ந்த எந்த விளையாட்டாலும் கண்ணுக்கு வேண்டியதைத் தர முடியாது. வளரும் கண்ணின் விழிக்கோளம் அளவுக்கு மீறி நீளாமல் இருக்கப் பகல் வெளிச்சம் உதவுகிறது. நம் அறைகளில் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ். வெட்டவெளியில் பகலில் பத்தாயிரத்தைத் தாண்டும், மரநிழலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். சீனாவின் குவாங்சோ நகரில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் கூடுதலாக வெளிவகுப்பு வைத்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, மூன்று ஆண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள் வெளியே போன பள்ளிகளில் 30.4 சதவீதம், போகாத பள்ளிகளில் 39.5 சதவீதம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண்ணின் அருமை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால் பொழுதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை ஏழிலிருந்து எட்டரை, மாலை ஐந்திலிருந்து இருட்டும்வரை பிள்ளைகள் வெளியே இருக்கட்டும்: கண்மாய்க்கரை, குளத்தைச் சுற்றிய நடைபாதை, தெரு, எதுவானாலும் சரி. நடுவில் கிடக்கிற எட்டரை மணி நேரத்துக்குத்தான் முறமும் வெங்காயமும் சில்லும். ஆட்டம் தொடங்குமுன் கேஸ் அடுப்புள்ள அறைக் கதவைச் சாத்துங்கள், டிவி ஸ்டாண்டைச் சுவரோடு தள்ளுங்கள், தரையில் ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு வெறுங்காலோடு ஆடவிடுங்கள். மொசைக்கில் காலுறை வழுக்கும். கயிறு தாண்டி முடித்ததும் கயிற்றைச் சுருட்டி உயரத்தில் வையுங்கள், கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட விடாதீர்கள். விதிகளை இரண்டு நாளைக்கு நீங்கள் சொல்லலாம். மூன்றாம் நாள் பிள்ளைகள் தாங்களே புது விதி போடுவார்கள். குந்தக்கூடாது, தவழ்ந்துதான் போக வேண்டும் என்பார்கள். வெங்காயத்துக்குப் பதில் அப்பாவின் செருப்பு என்பார்கள். விட்டுவிடுங்கள், அவர்கள் போடுகிற விதியில் குந்தலும் திருப்பமும் பெரும்பாலும் நம்முடையதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.